ஃபெரெட் போடும் சத்தங்களுக்கு என்ன அர்த்தம்? இரவு 11 மணிக்கு அலறுகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 | கயல்_லெஸ்டர் | சனி, இரவு 11.52

வணக்கம். இந்தப் பகுதியில் நாய், பூனை, கிளி இழைகள்தான் கண்ணில் படுகின்றன. ஃபெரெட் வளர்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று தெரியாமலே எழுதுகிறேன்.

எங்களிடம் இரண்டு பேர். மிளகு ஆண், நான்கு வயது, குட்டியிலிருந்து எங்களோடுதான். பட்டை பெண், ஒரு வயது இருக்கலாம் என்றார்கள். கைவிடப்பட்ட ஃபெரெட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடமிருந்து மூன்று வாரம் முன்பு எடுத்துவந்தோம். இருவருக்கும் கருத்தடை ஆகிவிட்டது.

மிளகு தனியாக இருந்தவரை வீட்டில் சத்தமே கிடையாது. இப்போது ஒரே கச்சேரி. என் காதில் விழுந்தவரை எழுதுகிறேன்.

முதலாவது, 'குக்குக்குக்' என்று தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம். முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் துள்ளும்போது வரும். இரண்டாவது, சீறல். மூன்றாவது 'சக்!' என்று ஒரே ஒரு தடவை, குரைப்பு மாதிரி. வாக்குவம் கிளீனரைப் போட்டால் மிளகு இப்படிக் கத்திவிட்டு சோபாவுக்கு அடியில் போய்விடுவான், வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பிப்போகும். பட்டை தைரியசாலி. வாக்குவம் ஓட ஓட அதன் குழாய்மேல் ஏறி உட்கார்ந்து வருவாள்.

நான்காவதுதான் பிரச்சினை, அலறல். பட்டை மிளகின் பிடரியைக் கவ்விக்கொண்டு தரதரவென்று இழுக்கிறாள். அவன் சீறுகிறான், விடுவதில்லை. இன்னும் சீறுகிறான், அப்போதும் விடுவதில்லை. கடைசியில் அவன் போடுகிற அலறலைக் கேட்டால் யாரோ குழந்தையை அடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நேற்று இரவு பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். எங்களுடையது ஒட்டு வீடு, சுவர் பொதுச் சுவர்.

காரைக்குடியிலிருந்து அத்தை வந்திருக்கிறார். "இது ஏதோ காத்துக் கருப்பு" என்று முடிவு கட்டிவிட்டார். பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறார்கள். இதற்கும் அப்படி ஒரு பக்கம் இருந்தால் தேவலை. எடுத்துவந்த இடத்தில், சரிப்படாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

#2 | மயிலாப்பூர்_மௌனி

மிளகு, பட்டை... அடுத்து கிராம்பா? பிரியாணி எப்போது?

சும்மா சொன்னேன். உண்மையான சந்தேகம்: இது நம் ஊர் கீரிதானே? கீரியை வீட்டுக்குள்ளா விட்டிருக்கிறீர்கள்?

#3 | ஸ்காபரோ_சித்தப்பா

கீரி இல்லைத் தம்பி. கீரி வேறு குடும்பம். ஃபெரெட்டுக்கு நம் பக்கத்துச் சொந்தக்காரன் என்றால் நீர்நாய்தான். ஐரோப்பாவில் போல்கேட் என்றொரு காட்டு விலங்கு உண்டு, அதை 2000 வருசத்துக்கு மேலாகப் பழக்கி வந்ததுதான் ஃபெரெட். முயல் வளைக்குள் அனுப்பி முயலை வெளியே துரத்தத்தான் பழக்கினார்கள். செல்லப் பிராணி ஆனதெல்லாம் பிற்பாடு.

தங்கச்சி கயல், நான் டொரன்டோவில் பதினொரு வருசமாக வைத்திருக்கிறேன். இதுவரை ஆறு பேர், இப்போது இரண்டு பேர். பயப்படாதேங்கோ.

அந்தக் 'குக்குக்' சத்தத்தை இங்கே எல்லோரும் 'டூக்' என்பார்கள். எனக்கு அதைக் கேட்டால் ஊரில் அடைக்கோழி கேறுகிற ஞாபகம்தான் வரும். சந்தோஷம், உற்சாகம், புதிதாக ஒன்றைக் கண்ட குதூகலம் எல்லாவற்றுக்கும் அதே சத்தம்தான். என் பெரியவன் கடைப் பை எதைக் கண்டாலும் உள்ளே தலையை விட்டு டூக் டூக் என்று ஒரு பாட்டம் பாடிவிட்டுத்தான் வெளியே வருவான். துள்ளல் ஆட்டம் பார்க்கச் சண்டை மாதிரி இருக்கும். வாயைத் திறந்துகொண்டு சுவரில் மோதும், கதிரையில் மோதும், தன் வாலையே பார்த்துப் பாயும். அது விளையாட்டுக்கான அழைப்பு. ஆடுகிறபோது டூக் வந்தால் நீங்கள் பேசாமல் தேத்தண்ணி குடிக்கலாம்.

சீறலைத்தான் வடிவாகக் கேட்க வேண்டும். ஒரே சீறல் இல்லை அது. குட்டி குட்டியாக, விட்டு விட்டு, 'ஸ், ஸ், ஸ்' என்று வந்தால் சினப்பு: 'தள்ளிப் போடா' என்கிற மாதிரி. விளையாட்டுக்கு நடுவிலும் வரும், வந்த கையோடு மறந்தும்போகும். நீட்டி இழுத்த சீறலோடு வாலும் உப்பி, முதுகும் வளைந்து, சுவரோடு ஒட்டி நின்றால் அது பயம். அந்த நேரம் கையை நீட்டினால் கடிதான்.

ஒன்று கேட்கிறேன். மிளகு அலறின பிறகு என்ன செய்கிறான்? ஓடி ஒளிகிறானா, திரும்ப அவளிடமே போகிறானா? ரத்தம், காயம், மலம் கழித்துவிடுவது ஏதும் உண்டா?

#4 | கயல்_லெஸ்டர்

@மௌனி: எங்கள் வீட்டு மசாலா டப்பாவை விட்டுவிடுங்கள்.

சித்தப்பா, காயம் ஒன்றும் இல்லை, பிடரி முடி எச்சிலில் நனைந்திருக்கும், அவ்வளவுதான். அலறிவிட்டு ஓடி ஒளிவான். இரண்டு நிமிஷம் கழித்து அவனே எட்டிப் பார்த்து, குக்குக் என்று சொல்லிக்கொண்டு அவளைச் சீண்டப் போவான்! பிறகு மறுபடியும் அதே அலறல். தூங்கும்போது இரண்டு பேரும் ஒரே தூளியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பார்கள்.

#5 | செவிலி_நிலா

நான் பர்மிங்ஹாம் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் செவிலி. மிளகு திரும்பவும் அவளிடமே போகிறான் என்பது நல்ல செய்தி. நிஜமாகவே பயந்த ஃபெரெட் போகாது, சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு மூலையில் கிடக்கும்.

இருந்தாலும் நான்கு வயது என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்: பட்டை பக்கத்தில் இல்லாதபோது அவன் எப்போதாவது அலறியிருக்கிறானா? மூன்று நான்கு வயதுக்கு மேல் ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி சகஜமாக வருகிறது. சர்க்கரை திடீரென்று இறங்கும். பின்னங்கால் துவளும், ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும், வாயில் நீர் ஒழுகும், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். முற்றினால் வலிப்பு, வலிப்போடு அலறல். தூங்கி எழுந்த நேரத்திலும், சாப்பிட்டு வெகுநேரம் ஆனபோதும் இவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். போகும்வரை ஈறில் கொஞ்சம் தேன் தடவலாம். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் விரலை விடவே கூடாது.

பெரிய சத்தங்களுக்கு எல்லோரும் பதறி ஓடி வருகிறோம். எங்களிடம் உண்மையில் அவசரமாக வருகிற ஃபெரெட்டுகள் பெரும்பாலும் சத்தமே போடாதவை. பல்லை நறநறவென்று கடிப்பது அப்படி ஒன்று. மெல்லிய சத்தம், காதை அருகில் வைத்தால்தான் கேட்கும். குமட்டல், வயிற்றுப் புண், வலி இவற்றின் அடையாளம் அது.

#6 | எழிலி

நிலா சொல்வதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நான் இந்தப் பக்கம் எழுதுவதில்லை, இதற்காக எழுதுகிறேன்.

எங்கள் குட்டிமா ஒரு ஞாயிற்றுக்கிழமை மடியில் படுத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மண் கலந்த அரிசியை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம். 'பார், தூக்கத்தில் எதையோ சாப்பிடுகிறாள்' என்று நானும் என் கணவரும் சிரித்தோம், வீடியோகூட எடுத்தோம். மறுநாள் சாப்பிடவில்லை. கூட்டிக்கொண்டு போன இடத்தில் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். பொறுத்தோம். புதன்கிழமை வேறோர் இடத்தில் திறந்து பார்த்தபோது குடலில் காதுக்குள் வைக்கிற இயர்போனின் ரப்பர் முனை. இவ்வளவூண்டு. மிஞ்சிப்போனால் சுண்டைக்காய் அளவு. அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

ரப்பர், ஸ்பாஞ்சு, ரிமோட்டின் பட்டன், செருப்பின் ஓரம் எதையும் வெளியே விடாதீர்கள். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. நான் போட்டுப் பார்ப்பதில்லை.

#7 | கயல்_லெஸ்டர்

எழிலி, படித்துவிட்டு எழுந்துபோய் ரிமோட்டை எடுத்து மேலே வைத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னியுங்கள்.

நிலா அக்கா, அவள் இல்லாதபோது அவன் அலறியதே இல்லை. கால் துவளுவது, வாய் ஒழுகுவது எதுவும் இல்லை. தும்மல்தான் நிறைய. அது பரவாயில்லையா? என் கணவருக்கு வேறு நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல்.

#8 | செவிலி_நிலா

தரையோடு தரையாக மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டு போகிற பிராணி, தூசிக்குத் தும்மத்தான் செய்யும். இரண்டு மூன்று தும்மல், பிறகு பழையபடி ஆட்டம் என்றால் விட்டுவிடுங்கள். மூக்கில் சளி, சோர்வு, சாப்பாடு குறைவு என்றால் பார்க்க வேண்டும். உங்கள் கணவரைக் குணமாகும்வரை அவர்களைத் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சாதாரண ஜலதோஷத்துக்காகச் சொல்லவில்லை, இன்ஃப்ளூயன்சா நம்மிடமிருந்து ஃபெரெட்டுக்குப் போகும், அதனிடமிருந்து நமக்கும் வரும்.

1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்ததே ஃபெரெட்டுகளின் புண்ணியத்தில்தான். காய்ச்சல் கண்ட மனிதர்களின் தொண்டை கழுவிய நீரை ஃபெரெட்டுகளின் மூக்கில் விட்டார்கள், அவற்றுக்கும் காய்ச்சல் வந்தது. பிறகு அந்த ஆராய்ச்சிக் கூடத்திலேயே ஃபெரெட்டிடமிருந்து ஆராய்ச்சியாளருக்குத் தொற்றிய கதையும் உண்டு. இன்றைக்கும் காய்ச்சல் ஆராய்ச்சியில் ஃபெரெட் இருக்கிறது.

#9 | வளைகுடா_வாசி

நான் இருப்பது கலிபோர்னியா, சான் ஹோசே. இங்கே ஃபெரெட்டைச் செல்லப் பிராணியாக வைத்திருப்பதே சட்டவிரோதம். அதனால் உங்கள் சத்தங்களைப் படித்து ஆறுதல் பட்டுக்கொள்கிறேன். தொடருங்கள்.

#10 | வலைக்காரன்

நான் வடக்கு யார்க்ஷயர். வேலை கணினியில். வாரக்கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரரோடு முயல் பிடிக்கப் போவேன், ஃபெரெட்டும் வலையுமாக. எங்களிடம் எட்டு உருப்படிகள், எல்லாம் வெளியே கொட்டகையில்.

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நீங்கள் எல்லோரும் ரொம்பச் செல்லம் கொடுக்கிறீர்கள். புதிதாக வந்தது பழையதைப் போட்டு இழுக்கிறது என்றால் பிடரியைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்துக்கு நேரே நீங்களும் ஒரு சீறு சீறுங்கள். தாய் அப்படித்தான் குட்டியை அடக்கும். நான்கு நாளில் அடங்கிவிடும். அதோடு, சத்தத்துக்கு அர்த்தம் தேடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. என் எட்டும் மொத்தமாகச் சேர்த்து மாதத்துக்குப் பத்துத் தடவை வாய் திறந்தால் அதிகம்.

#11 | ஸ்காபரோ_சித்தப்பா

தம்பி, உங்கட எட்டும் வாய் திறக்காததற்கு நீங்கள் அவற்றோடு இருக்கிற நேரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நாளில் 14 மணியிலிருந்து 18 மணி நேரம் தூங்குகிற சீவன். மிச்ச நேரம் நாங்கள் வீட்டுக்குள் அதோடு தரையில் கிடக்கிறோம், நீங்கள் கொட்டகைக்கு வெளியே நிற்கிறீர்கள்.

பிடரியைப் பிடித்துத் தூக்கினால் அடங்கும், ஓம். கொட்டாவி விட்டுக்கொண்டு துணி மாதிரித் தொங்கும். நகம் வெட்ட, மருந்து கொடுக்க நானும் அப்படிப் பிடிக்கிறதுதான். ஆனால் முகத்துக்கு நேரே சீறுவது? என் மூன்றாவது பிள்ளைக்கு நான் அதைச் செய்து பார்த்தேன். என்ன படித்தாள் தெரியுமோ? என் முகம் கிட்ட வந்தால் மூக்கைக் கடிக்க வேண்டும் என்று. தழும்பு இன்னும் இருக்கிறது.

#12 | வலைக்காரன்

மூக்குக் கடி வாங்கியது உங்கள் கைப்பழக்கம், என் முறையின் பிழை இல்லை சித்தப்பா. :)

சரி, நான் ஒத்துக்கொள்கிற ஒன்று: வளைக்குள் போன ஃபெரெட் எங்கே நிற்கிறது என்று அறிய நாங்கள் கழுத்தில் மணி கட்டுவதும், ரேடியோ பட்டை கட்டுவதும் அது குரல் கொடுக்காது என்பதால்தான். வேட்டையில் மௌனம், விளையாட்டில் பேச்சு என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

#13 | செவிலி_நிலா

கயல், ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மிளகு சீறுகிறான், சீறுகிறான், அவள் விடுவதில்லை என்றீர்கள். பொதுவாக விளையாட்டில் ஒருவர் சீறினாலோ 'கீச்' என்றாலோ மற்றவர் கொஞ்சமாவது பிடியைத் தளர்த்துவார். சில முரட்டுப் பிள்ளைகள் கண்டுகொள்ளாது, உண்மை. ஆனால் அவள் வாக்குவம் குழாயின் மேல் உட்கார்ந்து சவாரி போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பட்டைக்கு ஏன் பட்டை என்று பெயர் வைத்தீர்கள்? லவங்கப்பட்டை நிறமா?

#14 | கயல்_லெஸ்டர்

இல்லை அக்கா, மசாலாப் பட்டை இல்லை! விபூதிப் பட்டை. நெற்றியில் தொடங்கி நடு மண்டை வழியாகப் பிடரிவரை வெள்ளையாக ஒரு கோடு. மற்றபடி உடம்பு சாம்பல் கலந்த பழுப்பு, நான்கு பாதமும் வெள்ளை. அத்தைகூட அந்த ஒரு விஷயத்தில்தான் அவளை ஒத்துக்கொண்டார், "பட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது" என்று. படம் இணைத்திருக்கிறேன்.

#15 | ஸ்காபரோ_சித்தப்பா

ஐயோ. படத்தைப் பார்த்தேன். எனக்கு இது முதலே தோன்றியிருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் மசாலா டப்பாவிலேயே நின்றுவிட்டோம்.

#16 | செவிலி_நிலா

தோன்றுவது இருக்கட்டும், முதலில் சோதித்துப் பாருங்கள் கயல். அவளுக்குக் காது கேட்கிறதா?

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதைத் தப்பாகச் செய்துவிட்டுக் கேட்கிறது என்று நம்பிக்கொள்கிறார்கள். தூங்கும்போது சோதிக்கக் கூடாது. காது நன்றாகக் கேட்கிற ஃபெரெட்டே செத்த மாதிரித்தான் தூங்கும், தூக்கி உலுக்கினாலும் எழுந்திருக்காமல் வளர்ப்பவருக்கு மாரடைப்பு வரவைக்கும். கை தட்டக் கூடாது, காற்று அசையும். மரத்தரையில் நடக்கக் கூடாது, அதிர்வு தெரியும். தின்பண்டப் பாக்கெட்டைக் குலுக்கக் கூடாது, வாசனை போய்விடும். அவள் விழித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பளத்தின் மேல் எதையோ முகர்ந்துகொண்டிருக்கும்போது, நான்கைந்து அடி தள்ளி சாவிக்கொத்தை ஆட்டுங்கள். நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் எல்லை என்றால் ஃபெரெட்டுக்கு 40,000க்கும் மேல், சாவிச் சத்தத்தில் அந்த உச்சங்களும் இருக்கின்றன. பிறகு, அமுக்கினால் 'கீ' என்கிற ரப்பர் பொம்மை. அதை அமுக்கியதும் கையோடு ஒளித்துவிடுங்கள், எழிலி சொன்னது நினைவிருக்கட்டும்.

#17 | ஸ்காபரோ_சித்தப்பா

கீ பொம்மை நல்ல யோசனை. ஒரு தரம் என் நாலாவது பிள்ளை சமையலறை அலுமாரிக்குப் பின்னால் குழாய் போகிற ஓட்டைக்குள் போய்விட்டாள். கூப்பிட்டோம், கோழி இறைச்சி வைத்தோம், இரவு முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. விடிய நாலு மணிக்கு என் மகள் அந்தப் பொம்மையைக் கொண்டுவந்து நாலு தரம் அமுக்கினாள். உள்ளேயிருந்து கரகரவென்று ஓடி வந்து, தலை முழுக்க ஒட்டடையோடு, பொம்மையைப் பறித்துக்கொண்டு தன் பெட்டிக்குள் போய் ஒளித்து வைத்தாள். குட்டி அழுகிற மாதிரி அதற்குக் கேட்கும் போல. ஃபெரெட் குட்டிகளுக்குப் பிறந்து ஒரு மாதம் காதே திறக்காது, ஆனால் முதல் நாளிலிருந்தே கீச்சிடும். கேட்கிற வேலை முழுக்கத் தாய்க்கு.

#18 | கயல்_லெஸ்டர் | திங்கள், மாலை 6.20

செய்து பார்த்தேன்.

வரவேற்பறைக் கம்பளத்தில் பட்டை அத்தையின் பையை முகர்ந்துகொண்டிருந்தாள். மிளகு இன்னொரு மூலையில். நான் சோபாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டு சாவியை ஆட்டினேன். மிளகின் தலை படக்கென்று திரும்பியது. அவள் பையின் ஜிப்பையே முகர்ந்துகொண்டிருந்தாள். பொம்மையை அமுக்கினேன். மிளகு ஓடி வந்து என் முழங்காலில் ஏறிவிட்டான். அவள் திரும்பவில்லை. அத்தை ஹாலில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து ஸ்பூனால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். நான் துள்ளினேன், மிளகு 'சக்!' என்று குரைத்துவிட்டுப் பறந்தான். பட்டை ஜிப்பைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

அத்தை தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அடப் பாவமே, பிள்ளைக்குக் காது கேட்காதாடி" என்றார்.

மூன்று வாரமாக நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வரவில்லை என்று திட்டியிருக்கிறேன். திமிர் என்று கணவரிடம் சொன்னேன்.

#19 | செவிலி_நிலா

திட்டியதும் கேட்டிருக்காது, விடுங்கள்.

ஏன் இப்படி என்றால்: கரு வளரும்போது நிறமூட்டும் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுக்கப் பரவுகின்றன. தலைவரை சரியாகப் போய்ச் சேராவிட்டால் அங்கே வெள்ளை விழுகிறது. அதே வகைச் செல்கள் உட்காதுக்கும் போயாக வேண்டும். காதுக்குள் இருக்கிற திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்க அவை தேவை. இல்லையென்றால் ஒலியை உணர்கிற மயிர்ச் செல்கள் அழிந்துவிடும். மனிதர்களிலும் இதே மாதிரி, நெற்றியில் வெள்ளை முடிக்கற்றையும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதை வார்டன்பர்க் என்ற டச்சுக் கண் மருத்துவர் 1951இல் விரிவாக எழுதினார், அவர் பெயரையே ஃபெரெட்டுக்கும் சொல்கிறோம். தலையில் வெள்ளைக் கோடு, முழு வெள்ளைத் தலை, கறுப்புக் கண்ணோடு முழு வெள்ளை உடம்பு, இவர்களில் நிறையப் பேருக்குக் காது கேட்காது. சிவப்புக் கண் அல்பினோ வேறு கணக்கு, அவற்றுக்குப் பொதுவாக நன்றாகவே கேட்கும். உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் மயக்கம் கொடுத்து, காதில் கிளிக் ஒலி விட்டு, மூளை பதில் சொல்கிறதா என்று மின்முனை வைத்துப் பார்க்கிற சோதனை உண்டு. எனக்கு இந்த எவர்சில்வர் தட்டே போதும்.

ஆக, மிளகு 'வலிக்கிறது, விடு' என்று முறைப்படி மூன்று தடவை சொல்லியிருக்கிறான். அவளுக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. அவள் கெட்டவளும் இல்லை, அவன் கோழையும் இல்லை. இனி அந்தச் சீறலை அவளுக்குப் பதிலாக நீங்கள்தான் கேட்க வேண்டும். இரண்டாவது சீறலிலேயே எழுந்துபோய்ப் பிரித்துவிடுங்கள், அலறல்வரை விடாதீர்கள். அவள் நுழைய முடியாத உயரத்தில் மிளகுக்கு ஓர் இடம் வையுங்கள். அவளைத் தூக்கத்தில் தொடுவதற்கு முன் உங்கள் கையை மூக்கருகே கொஞ்ச நேரம் வையுங்கள், வாசனை எழுப்பட்டும், திடுக்கிட்டு எழுந்தால் கடிப்பாள். கூப்பிட வேண்டும் என்றால் தரையைக் காலால் இரண்டு தட்டு, அல்லது விளக்கை அணைத்துப் போடுங்கள். வந்ததும் தின்பண்டம். ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வாள்.

#20 | வலைக்காரன்

என்னிடமும் வெள்ளைத் தலைக்காரி ஒருத்தி இருந்தாள். வளை வாயில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டாள், வேலைக்கு ஆகாது என்று ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். முகத்துக்கு நேரே சீறிய கதையும் உண்டு. கேட்டிருக்காது என்று இப்போதுதான் உறைக்கிறது.

கயல், அவளை வெளியே கயிறு இல்லாமல் விடாதீர்கள். அது மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்.

#21 | கயல்_லெஸ்டர் | மூன்று வாரம் கழித்து

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டாவது சீறலில் பிரிப்பது என்று வைத்துக்கொண்டோம், அலறல் வாரத்துக்கு ஒன்று என்று குறைந்திருக்கிறது. மிளகுக்கு மேசைக்குமேல் ஒரு கூடை. அவன் பாய்ந்து ஏறிவிடுவான், அவள் குள்ளி, எட்டாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்து குக்குக் என்பாள். தன் சத்தம் தனக்கே கேட்காமல் எப்படி இவ்வளவு சத்தமாகப் பேசுகிறாள் என்று தெரியவில்லை, மிளகைவிட இரண்டு மடங்கு.

தரையைத் தட்டினால் வருகிறாள். ஆனால் நான் தட்டினால் வருவதில்லை, அத்தை தட்டினால்தான். அத்தை முட்டையின் மஞ்சள் கருவை ரகசியமாகக் கொடுக்கிறார் என்று இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது சுவரைத் தட்டுகிறார், ஃபெரெட் அலறலுக்கு இல்லை, அத்தை தரையைத் தட்டுகிற தட்டுக்கு.

#22 | செவிலி_நிலா

மஞ்சள் கரு வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும் என்று அத்தையிடம் சொல்லுங்கள். மிளகுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், நான்கு வயது.

#23 | மயிலாப்பூர்_மௌனி

கிராம்பு?

#24 | கயல்_லெஸ்டர்

அத்தை அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார். போன பிறகு தரையைத் தட்ட ஆள் வேண்டும். அதை முதலில் பார்க்கிறேன்.